செய்தி முடிந்த பிறகு நேரு நகர்

2022 ஏப்ரல் 21 அன்று மதுரை பழங்காநத்தம் நேரு நகரில் உள்ள மாநகராட்சிக் கழிவுநீரேற்று நிலையத்தில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மோட்டார் பழுதைச் சரிசெய்யும் வேலை. ஒருவர் தொட்டிக்குள் விழுந்தார். அவரைத் தூக்கப் போன மற்ற இருவரும் பிழைக்கவில்லை. வழக்குப் பதிவானது, இழப்பீடு பேசப்பட்டது, கண்டன அறிக்கைகள் வந்தன. சில நாட்களில் செய்தி முடிந்தது. பழங்காநத்தம் ஒதுக்குப்புறமான ஊர் இல்லை. திருப்பரங்குன்றம் சாலையும் புறவழிச்சாலையும் கூடும் இடம். பொதுக்கூட்டமும் ஆர்ப்பாட்டமும் நடந்து பழகிய ரவுண்டானா உள்ள பகுதி. அப்படி ஊரே கடந்துபோகும் ஓர் இடத்தில் நடந்த மூன்று சாவுகள் ஊரின் பொது நினைவில் ஏன் தங்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. சுகாதாரம், கழிப்பறை, தூய்மை நகரம் என்று வளர்ச்சியைப் பற்றி நம்மிடம் இடைவிடாமல் பேசுகிற அரசும் ஊடகமும், அந்த வளர்ச்சியைச் சுமந்து செத்தவர்களைப் பற்றிய நினைவைத் தங்கள் பேச்சிலிருந்து வெளியே வைத்திருக்கின்றன. அந்த நினைவு உள்ளே வராதவரை அடுத்த சாவைத் தடுக்க முடியாது என்பதே என் வாதம்.

முதலில் தலைப்புச் செய்தியைப் பார்ப்போம். இத்தகைய சாவுகளுக்கென்று தமிழ் நாளிதழ்களிடமும் தொலைக்காட்சிகளிடமும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: விஷவாயு தாக்கி இத்தனை பேர் பலி. இதில் தாக்கியது வாயு. இறங்கச் சொன்னவர் யார், ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் எது, மேற்பார்வையிட வேண்டிய பொறியாளர் எங்கே இருந்தார், தொட்டிக்குள் வாயுவின் அளவு சோதிக்கப்பட்டதா, இடுப்பில் கயிறு கட்டியிருந்ததா என்ற கேள்விகளுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. இடியோ வெள்ளமோ போல வாயுவும் இயற்கையின் சீற்றமாகிவிடுகிறது. உண்மையில், மூடிய கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு சேரும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. செறிவு கூடினால் அது முதலில் மோப்ப உணர்வை மழுங்கடிக்கும். நாற்றம் குறைந்துவிட்டது போலத் தோன்றும். இரண்டொரு மூச்சில் ஆள் மயங்கி விழுவார். காப்பாற்றப் போகிறவரும் முகக்கவசமும் காற்று உருளையும் இல்லாமல் போவதால் அடுத்து விழுவார். உலகம் முழுவதும் இப்படித்தான் ஒன்று மூன்றாகிறது. நேரு நகரிலும் அதேதான் நடந்தது. இவ்வளவு தெரிந்த ஆபத்துக்குள் ஒரு மனிதர் போக நேர்ந்தது எப்படி என்பதுதான் செய்தி. வாயு அதற்கு அடுத்தது.

செய்தி வாக்கியம் எப்படி எழுதப்படுகிறது என்பது நடைக்குறை பற்றிய விவகாரம் என்று சிலர் நினைக்கலாம். சட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய விவகாரம் என்பது புரியும். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் வேலையைத் தடை செய்யும் முதல் சட்டம் 1993-இல் வந்தது. அது போதாது என்று 2013-இல் இரண்டாவது சட்டம் வந்தது. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது முதல் முறையே இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் பெறத்தக்க குற்றமானது. 2014 மார்ச் 27 அன்று, துப்புரவுத் தொழிலாளர் உரிமை அமைப்பான சஃபாயி கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அரிய உத்தரவை இட்டது. 1993 முதல் சாக்கடையில் இறந்த எல்லோரையும் அடையாளம் கண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. அதாவது இருபது ஆண்டுகளுக்கு முந்தைய சாவுகளைத் தேடிப் போகச் சொன்னது. எங்கே தேடுவது? மாநகராட்சிப் பதிவேட்டில் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் பெரும்பாலும் இருக்காது. மருத்துவமனைச் சீட்டில் மூச்சுத்திணறல் என்று இருக்கும். மிச்சமிருந்தது உள்ளூர்ப் பதிப்பில் ஒரு பத்தியில் வந்த துண்டுச் செய்திதான். தேசிய சஃபாயி கர்மசாரிகள் ஆணையமே தன் கணக்கை நாளிதழ்ச் செய்திகளையும் சில மாநிலங்கள் அனுப்பிய விவரங்களையும் வைத்துத்தான் ஒட்டுப்போட்டு எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் துண்டுச் செய்தியில் ஒப்பந்ததாரர் பெயரும் வேலையின் தன்மையும் இருந்தால் குடும்பத்துக்கு ஒரு சாட்சி கிடைத்தது. வாயு மட்டும் இருந்தால் அதுவும் இல்லை.

நினைவு இல்லாத இடத்தில் எண்ணிக்கை என்னவாகும் என்பதற்கு 2021 ஜூலை ஒரு சான்று. மலம் அள்ளும் வேலையால் கடந்த ஐந்தாண்டுகளில் யாரும் இறந்ததாகப் பதிவாகவில்லை என்று ஒன்றிய அரசு மாநிலங்களவையில் பதில் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில், 1993 முதல் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்யும்போது 971 பேர் இறந்ததாக அரசே நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. மாநிலவாரியாகப் பார்த்தால் அதில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இரண்டு பதிலும் சட்டப்படி சரி என்று வாதிட முடியும். உலர் கழிப்பறையில் கையால் அள்ளுவது ஒரு வகை, சாக்கடைக்குள் இறங்குவது வேறு வகை என்று பிரித்துவிட்டால் முதல் வகையில் சாவு பூஜ்யம். அதே சமயத்தில் அரசு அடையாளம் கண்ட மலம் அள்ளும் தொழிலாளர்களில் சாதி விவரம் கிடைத்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்ற கணக்கும் வெளிவந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே செய்தியாகச் சொன்னால்தான் நாட்டில் என்ன நடக்கிறது என்பது தெரியும். தனித்தனி நாளில் தனித்தனிச் செய்தியாக வந்துபோனதால் அப்படி ஒரு சித்திரம் பெரும்பாலான வாசகர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

வளர்ச்சிக்காக மக்களிடம் பேசுவது நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் பரவியபோது விவசாயிகள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். வானொலியில் கேட்டு நட்ட நெல் அது. வளர்ச்சித் தகவல் தொடர்பு பற்றிய பாடங்களில் பெருமையோடு சொல்லத்தக்க வெற்றி, அதில் சந்தேகமில்லை. அந்த மாவட்டத்திலேயே, அந்தப் பத்தாண்டிலேயே, 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். விதை, உரம், பூச்சிமருந்து பற்றிப் பேசுவதே வேளாண் ஒலிபரப்புக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அந்த நெல்லை நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் என்ன கூலி என்ற கேள்வி அந்த வேலைக்குள் வரவில்லை. விளைச்சல் என்பது வளர்ச்சியின் பேச்சாகவும், கூலி என்பது சட்டம் ஒழுங்கின் பேச்சாகவும் பிரிந்து கிடந்தன. வெண்மணியை இன்றும் நாம் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் ஆண்டுதோறும் அங்கே கூடும் மக்களும், செங்கொடி இயக்கமும், இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் போன்ற எழுத்தும், பாரதி கிருஷ்ணகுமாரின் ஆவணப்படமும்.

இதே பிரிவினை தூய்மை இந்தியா திட்டத்தில் திரும்ப வந்தது. 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தின் பிரசாரம் அளவில் மிகப் பெரியது. காந்தியின் மூக்குக்கண்ணாடி ரூபாய் நோட்டு வரை அச்சானது. பெரிய நட்சத்திரங்கள் விளம்பரத்தில் வந்தார்கள். திறந்தவெளியில் மலம் கழிக்காதே, கழிப்பறை கட்டு, குப்பையைத் தரம்பிரி என்று குடிமகனின் பழக்கத்தை நோக்கிப் பேசியது. அதனால் நன்மை இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. தெருவோரம் மலம் கழிப்பது குறைந்த இடங்களில் விடியற்காலையில் அதை அள்ளிய பெண்களின் சுமையும் குறைந்திருக்கும். ஆனால் கட்டப்பட்ட கழிப்பறைகளில் பலவற்றின் கழிவு செப்டிக் டேங்குக்குப் போகிறது; தொட்டி நிறைந்தால் யாராவது அதைக் காலி செய்ய வேண்டும். கழிப்பறை கட்டுவதைப் பற்றி ஆயிரம் முறை சொன்ன பிரசாரம், தொட்டிக்குள் ஆளை இறக்கினால் உனக்குச் சிறை என்று வீட்டுக்காரருக்கு எத்தனை முறை சொன்னது? 2013 சட்டம் மாநகராட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் மட்டும் உரியதன்று. தன் வீட்டுத் தொட்டிக்கு ஆள் கூப்பிடுகிறவரையும் அது கட்டுப்படுத்தும். பள்ளிச் சுவர்களில் கண்ணாடிச் சின்னத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் இருப்பது தெரியாது. தூய்மை என்பது கையில் துடைப்பத்தோடு படமெடுத்துக்கொள்வதாகவும், சாக்கடைச் சாவு என்பது விபத்தாகவும் மனதில் பதிவது இப்படித்தான்.

மதுரை இந்த மறதிக்கு எதிராக ஒன்றும் செய்யாத ஊர் இல்லை. பெரும் ஊடகம் பேசாததைச் சிறிய காமிராக்கள் இந்த ஊரில் பேசியிருக்கின்றன. ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி. எடுத்த ‘பீ’ 2003-இல் வெளிவந்தது. மதுரைத் தெருவொன்றில் மனிதக் கழிவை அன்றாடம் அள்ளும் ஒரு பெண் தொழிலாளியின் வேலையை அது விலகாமல் பார்த்தது. அவர் பங்களிப்பில் 1998 முதல் நடந்துவரும் ஆவணப்பட, குறும்பட விழா அத்தகைய படங்களுக்கு ஊருக்குள் ஒரு பார்வையாளர் கூட்டத்தை உருவாக்கியது. 2015-இல் மதுரையில் நடந்த சாக்கடைச் சாவுகள் திவ்யபாரதியை ‘கக்கூஸ்’ ஆவணப்படம் எடுக்கத் தூண்டின. 2017-இல் அந்தப் படம் வந்தபோது பல இடங்களில் திரையிடக் காவல்துறை தடை போட்டது. பிறகு யூடியூபில் பரவலாகப் பார்க்கப்பட்டது. அந்தப் படம் செய்த முக்கியமான வேலை, வெவ்வேறு மாவட்டங்களில் வெவ்வேறு நாளில் தனித்தனி விபத்தாகச் சொல்லப்பட்ட சாவுகளை ஒரே கோவையாக அடுக்கிக் காட்டியது. ஒரு சாவைப் பார்த்தால் பரிதாபம் வரும். பல சாவுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பந்த முறையும் சாதியும் கண்ணுக்குத் தெரியும். பெரும் ஊடகம் அன்றாடம் எழுதிய செய்திகளை ஓர் இளம் பெண் கையிலிருந்த சொற்ப வசதியோடு தொகுக்க வேண்டியிருந்தது என்பது இத்தனை நாளிதழ்ப் பதிப்புகள் வெளிவரும் மதுரைக்குப் பெருமை தரும் செய்தியன்று.

கூட்டு நினைவு தனிமனிதர் மூளைக்குள் தானாகத் தங்குவதில்லை. குடும்பம், மதம், வர்க்கம் போன்ற குழுக்கள் தாங்கிப் பிடித்தால்தான் நிற்கும் என்று பிரெஞ்சுச் சமூகவியலர் மோரிஸ் ஆல்ப்வாக்ஸ் 1925-லேயே எழுதினார். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இதற்கு வலுவான சான்று மேலவளவு. தனித்தொகுதியாக்கப்பட்ட அந்த ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் உள்ளிட்டோர் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001-இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்த ஊரில் நினைவிடம் எழுந்தது. ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று மக்கள் கூடுகிறார்கள். 2019 நவம்பரில் தண்டனைக் கைதிகள் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுவித்தபோது அது சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடவில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு விவகாரம் போனது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கொலை மீண்டும் முதல் பக்கத்துக்கு வந்தது. நினைவைச் சுமக்க ஓர் அமைப்பு இருந்ததால் ஊடகமும் நினைவுகூர வேண்டியதாயிற்று. உத்தப்புரத்தில் அமைப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. 1989 கலவரத்துக்குப் பின் தலித் குடியிருப்பை மறித்து எழுந்த சுவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், யாருக்கும் செய்தியாகத் தெரியாமல், ஊர்நடுவே நின்றது. 2008-இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி மதுரை மாவட்டத்தில் கள ஆய்வு நடத்தி, சுவரின் மேல் மின்கம்பி ஓடுவதை வெளிக்கொண்டு வந்த பிறகே தேசிய நாளிதழ்கள் எழுதின. மே 6 அன்று சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. கள ஆய்வு, செய்தி, அரசியல் அழுத்தம், நிர்வாக நடவடிக்கை என்று எல்லாம் சேர்ந்தபோது மூன்று மாதத்தில் நடந்த காரியம் அது.

நேரு நகர் தொழிலாளர்களுக்கு அப்படி ஓர் ஊர் இல்லை. ஒப்பந்த வேலை ஆட்களை வெவ்வேறு இடங்களிலிருந்து திரட்டுகிறது. செத்த இடம் ஒன்று, வாழ்ந்த இடம் வேறு. ஒப்பந்ததாரர் மாறினால் உடன் வேலை செய்தவர்களும் மாறிவிடுவார்கள். நினைவிடம் கட்ட ஒரு தெருகூடச் சொந்தமில்லாதவர்கள் அவர்கள். இங்கேதான் நகரத்து ஊடகத்தின் கடமை கூடுகிறது. அதற்கு நினைவாற்றல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2025 பிப்ரவரி 4 அன்று, திருப்பரங்குன்றம் மலை தொடர்பான ஆர்ப்பாட்டத்துக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுமதி அளித்த இடம் இதே பழங்காநத்தம். ஒரு மணி நேரக் கூட்டத்துக்காகத் தொலைக்காட்சிகள் திரண்டன. மலை யாருக்கு என்ற 1923 சார்பு நீதிமன்றத் தீர்ப்பையும் 1931 பிரிவி கவுன்சில் தீர்ப்பையும் தேடியெடுத்துப் பேசினார்கள். ஏறத்தாழ நூறாண்டுக்கு முந்தைய ஆவணத்தைத் தோண்ட நேரமும் ஆளும் இருந்தால், ரவுண்டானாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஏறத்தாழ மூன்றாண்டுக்கு முன் பதிவான குற்ற வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கவும் இருந்திருக்க வேண்டும். மோதலைக் கூட்டக்கூடிய நினைவுக்குக் காமிரா ஓடிவருகிறது, பொறுப்பைக் கேட்கக்கூடிய நினைவுக்கு வருவதில்லை. சமூக நீதியைக் கொள்கையாகச் சொல்லும் மாநிலத்தில் இது சாதாரணக் குறை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, பத்திரிகை அன்றாடம் நடப்பதைச் சொல்லத்தான் இருக்கிறது, நினைவைக் காப்பது வரலாற்றாசிரியர் வேலை என்பது. இது பாதி உண்மைகூட இல்லை. சுனாமி நினைவு நாளும் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தின் நினைவு நாளும் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் இறந்ததை ஊடகம் விடாமல் நினைவூட்டியதும், பள்ளிக் கட்டடங்களின் கூரை முதல் மாடிப்படி வரை ஆய்வுக்கு உட்பட்டதும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. எதை நினைவுகூர வேண்டும் என்று செய்தி அறை ஏற்கனவே தேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிட ஆழமானது. இந்த வேலைக்குள் தள்ளப்பட்ட சமூகத்துக்குள்ளிருந்தே வருவது. எங்கள் பிள்ளைகள் படித்து வெளியே வந்துகொண்டிருக்கும்போது மலத்தையும் பிணத்தையும் எங்கள் அடையாளமாக ஏன் திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள் என்ற கேள்வி அது. சாக்கடையிலிருந்து தூக்கப்படும் உடலின் படத்தை முதல் பக்கத்தில் போடுகிற பத்திரிகைக்கும், அழுகிற மனைவியின் முகத்தில் மைக்கை நீட்டுகிற தொலைக்காட்சிக்கும் இந்தக் கேள்வி நேராகப் பொருந்தும். ஆவணப்படங்களையும் இந்தக் கேள்வி விடாது. ஆனால் இதிலிருந்து மௌனத்துக்குப் போக வேண்டியதில்லை. எதை நினைவில் வைக்கிறோம் என்பதை மாற்றலாம். இறந்தவரின் உடலைக் காட்டுவதை நிறுத்திவிட்டு ஒப்பந்தப் பத்திரத்தைக் காட்டலாம். பணி ஆணையில் கையெழுத்திட்டது யார், 2013 விதிகள் கேட்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட பாதுகாப்புக் கருவிகளில் அன்று அங்கே எத்தனை இருந்தன, வாரிசுக்கு வேலை கிடைத்ததா, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லலாம். அவமானம் அப்போது அது சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேரும்.

எந்திரம் வந்துவிட்டால் இந்தப் பேச்செல்லாம் தேவையில்லை என்பது மூன்றாவது. எந்திரம் வேண்டும், உடனே வேண்டும்; 2018-இல் கேரளத்தில் சாக்கடை அள்ளும் ரோபோ இயங்கத் தொடங்கியது, தமிழக நகரங்களிலும் உறிஞ்சு வாகனங்கள் ஓடுகின்றன. ஆனால் நேரு நகரில் நடந்தது அடைப்பு எடுக்கும் வேலையன்று. அடைப்பெடுக்கும் ரோபோவால் அதைச் செய்திருக்க முடியாது. அது மோட்டார் பழுது. எந்திரத்தைப் பழுதுபார்க்கவும் ஆள் போவார். அவர் போகும் முன் தொட்டியைக் காற்றோட்டப்படுத்துவது, வாயுவை அளப்பது, கயிறு கட்டி மேலே ஒருவரை நிறுத்துவது எல்லாம் பழக்கமாக வேண்டும். முந்தைய சாவிலிருந்து கற்றால்தான் அந்தப் பழக்கம் வரும். விமானம் விழுந்தால் விசாரணை அறிக்கை பொதுவெளிக்கு வருகிறது, உலகெங்கும் விமானிகள் அதைப் படிக்க முடிகிறது. ரயில் விபத்தை ரயில்வேயின் கட்டுப்பாட்டில் இல்லாத பாதுகாப்பு ஆணையர் விசாரிக்கிறார். சாக்கடைச் சாவை அப்படி விசாரித்து அறிக்கை வெளியிட நிலையான அமைப்பு எதுவும் இல்லை. காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையோடு ஊருக்கான பாடம் முடிந்துவிடுகிறது.

2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரி 29 அன்று டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்குவதை நிறுத்த உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் மதுரை இல்லை. ஆகவே இங்கே கேட்க வேண்டியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் நகரங்களில் இப்போது பகுதி சபைகள் கூடுகின்றன. நேரு நகர் வார்டின் சபையில் ஆண்டுக்கொரு முறை, ஏப்ரலில், அந்தக் கழிவுநீரேற்று நிலையத்தின் பாதுகாப்பு நிலையையும் 2022 வழக்கின் நிலையையும் மாநகராட்சி எழுத்தில் வைக்க வேண்டும் என்று குடியிருப்போர் தீர்மானம் போடலாம். மதுரை நாளிதழ்கள் அதை முழுதாக வெளியிடலாம். மதுரை வானொலி நிலையம் தன் தொழிலாளர் நிகழ்ச்சியில் 2013 சட்டத்தின் தண்டனைப் பிரிவை வீட்டுக்காரர்களுக்கும் கட்டட மேலாளர்களுக்கும் புரியும்படி, விதை ரகம் சொன்ன அதே பொறுமையோடு, திரும்பத் திரும்பச் சொல்லலாம். செய்தி ஆசிரியர்கள் நாளைக்கே செய்யக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது: அடுத்த முறை இப்படி ஒரு சாவு நடந்தால், வாயுவை இரண்டாம் வரிக்குத் தள்ளிவிட்டு, யார் உத்தரவில் யார் இறங்கினார் என்று முதல் வரியை எழுதுவது.